ஜெட்டை மாற்றுவதா, கழுவிப் பூட்டுவதா? காபரேட்டர் பைக் வைத்திருப்பவர்களுக்கு

ஹோர்னட் 250, ஜேட், விடிஆர், எஃப்டிஆர், டிடபிள்யூ 200 என்று ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த பைக்குகள் கொழும்பில் இன்னும் நிறைய ஓடுகின்றன. 2020இல் வாகன இறக்குமதி நின்றதும், இருப்பதையே நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்ற எண்ணம் பலருக்கு வந்தது. கூடவே இன்னொரு கேள்வியும் வந்தது: "ஜெட் மாத்தினா இன்னும் நல்லா இழுக்குமா?" காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்ஜினுக்குக் கொடுக்கும் காபரேட்டருக்குள், எவ்வளவு பெற்றோல் போகும் என்பதைத் தீர்மானிக்கும் துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டுதான் ஜெட். சைலன்சர் மாற்றியவரும் கேட்கிறார், எயார் ஃபில்டர் மாற்றியவரும் கேட்கிறார், ஒன்றையுமே மாற்றாதவரும் கேட்கிறார். மூன்று பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

நம் முன்னால் இருக்கும் வழிகள் இவை. கம்பனி போட்ட ஜெட்டையே வைத்துக்கொண்டு காபரேட்டரைக் கழற்றி, கழுவி, ரப்பர்களை மாற்றிப் பூட்டுவது. ஒறிஜினல் ஜெட்டுகளைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே மாற்றிப் பார்ப்பது. நீடிலோடு (பெற்றோல் துளைக்குள் ஏறி இறங்கும் ஊசி) சேர்த்து வரும் ஜெட் கிட் ஒன்றை வரவழைப்பது. அளவுக் கருவி உள்ள கராஜில் கொடுப்பது. இவற்றோடு, பழைய ஜெட்டை ட்ரில் பிட்டால் பெரிதாக்குவது என்று ஒரு குறுக்கு வழியும் உண்டு. அதை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும். காபரேட்டரில் எல்லா வேலையையும் ஒரே ஜெட் செய்வதில்லை. ஆக்சிலேட்டர் மூடியிருப்பதிலிருந்து கால் பங்கு திறக்கும் வரை பைலட் ஜெட்டும் பைலட் ஸ்க்ரூவும் பெற்றோல் கொடுக்கின்றன. கால் பங்கிலிருந்து முக்கால் வரை நீடில். முக்காலுக்கு மேலேதான் மெயின் ஜெட் ஆட்சிக்கு வருகிறது. எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். ஆனாலும் கணக்கு இதுதான்.

இப்போது உங்கள் பைக் ஒரு நாளில் எங்கே ஓடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை காலி வீதியில் போகும்போது கை எப்போதாவது முக்காலுக்கு மேல் போகிறதா? அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. 1996இல் வந்த ஹோர்னட் 250இன் 40 குதிரைவலுவும் 14,000 சுற்றில்தான் கிடைக்கும். அந்தச் சுற்றுக்கு பம்பலப்பிட்டிச் சந்தியில் யாரும் ஏற்றப்போவதில்லை. ஆனால் "ஜெட் மாத்து" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் மனதில் வைத்திருப்பது மெயின் ஜெட்டைத்தான். நகரத்தில் நாள் முழுக்கப் பயன்படாத ஒன்றைப் பெரிதாக்கிவிட்டு, "வித்தியாசமே தெரியேல்லையே" என்று பிறகு கவலைப்படுகிறார்கள்.

இன்னொரு பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது: "ஜப்பான் குளிர் நாடு, இங்கே சூடு, அதனால பெரிய ஜெட் வேணும்." இது தலைகீழ். காற்று 20 பாகையிலிருந்து 30 பாகைக்குச் சூடாகும்போது அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறைகிறது. கொழும்பின் ஈரப்பதன் இன்னும் கொஞ்சம் குறைக்கும். காற்று குறைந்து பெற்றோல் அதே அளவில் வந்தால் கலவை ரிச்சாகத்தான் (பெற்றோல் கூடியதாக) போகும், லீனாகாது (பெற்றோல் குறைந்ததாகாது). அந்த வித்தியாசமும் ஜெட்டில் கை வைக்கும் அளவுக்குப் பெரிதில்லை. சூட்டைக் காரணம் காட்டிப் பெரிய ஜெட் போட்டவர் பெற்றோல் செட்டுக்குத்தான் கூடுதலாகக் கொடுக்கிறார்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

கழுவிப் பூட்டுவது

எதையும் மாற்றாத பைக் என்றால் இதைத் தவிர வேறு வழி தேவையே இல்லை என்பது என் முடிவு. சைலன்சரும் எயார் பொக்ஸும் கம்பனியுடையதாக இருக்கும்போது, அந்த எஞ்ஜினுக்கு எந்த ஜெட் சரி என்பதைக் கம்பனி எங்களை விடப் பல மடங்கு சோதித்துத்தான் போட்டிருக்கிறது. உச்ச வலு வேண்டுமென்றால் கலவை ஒரு பங்கு பெற்றோலுக்குப் பன்னிரண்டரை, பதின்மூன்று பங்கு காற்று என்ற அளவில் இருக்க வேண்டும். முழுமையாக எரியும் அளவு 14.7. இந்த இரண்டுக்கும் இடையில் ஜெட் ஒன்றை மாற்றிப் பெறக்கூடிய வலு, அடைபட்ட காபரேட்டரில் இழந்துகொண்டிருக்கும் வலுவுக்குப் பக்கத்திலேயே வராது.

அடைப்பு நம்மூரில் ஏன் இவ்வளவு? 2022 நினைவிருக்கும். பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று தொடங்கினார்கள். அதற்கு முன் அதுவும் இல்லை. எத்தனையோ பைக்குகள் மாதக்கணக்கில் மூலையில் நின்றன. காபரேட்டர் கிண்ணத்தில் நின்ற பெற்றோல் காய்ந்து, பச்சையும் மஞ்சளுமாகப் பிசின் போலப் படிந்தது. முதலில் அடைபடுவது பைலட் ஜெட். 35 என்று எழுதிய ஒரு பைலட் ஜெட்டின் துளை 0.35 மில்லிமீற்றர்தான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சுத்தமான ஜெட்டில் ஒளி வட்டமாக, கூர்மையான விளிம்போடு தெரியும். படிவு உள்ள ஜெட்டில் அந்த வட்டம் ஒரு பக்கம் கடிபட்டதுபோல் இருக்கும். காபரேட்டர் கிளீனரில் ஊறவிட்டு, வயருக்குள் இருக்கும் மெல்லிய செப்பு இழை ஒன்றை மட்டும் விட்டு இழுக்கலாம். ஊசியை விடவே கூடாது. பித்தளை மென்மையானது, துளையின் அளவே மாறிவிடும்.

ஜெட்டோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். காபரேட்டருக்கும் எஞ்ஜினுக்கும் நடுவில் இருக்கும் மெனிஃபோல்ட் ரப்பரை வளைத்துப் பாருங்கள். இருபது, முப்பது வருஷச் சூட்டில் அது வெடித்திருந்தால் அந்த வழியாகக் காற்று உள்ளே போய்க் கலவையை லீனாக்கும். அது பார்வைக்கு அப்படியே "ஜெட் சின்னது" என்பது போலத்தான் இருக்கும். கொட்டாஞ்சேனையில் ஒரு நண்பர் ஜேட்டுக்குப் பெரிய மெயின் ஜெட் நான்கு வாங்கி வைத்திருந்தார். நடுத்தர வேகத்தில் பைக் சோர்கிறது என்பதுதான் புகார். கழற்றிப் பார்த்தால் நடு இரண்டு ரப்பரும் உள்பக்கம் வெடிப்பு. ரப்பரை மாற்றினார், சோர்வு போய்விட்டது. ஜெட்டுகள் இன்னும் பையோடு அப்படியே இருக்கின்றன.

எஞ்ஜின் இழுக்கும் காற்றால் ஸ்லைடு (நீடிலைத் தாங்கும் பாகம்) தானாக ஏறி இறங்கும் சிவி வகைக் காபரேட்டரில், அந்த ஸ்லைடைத் தூக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் தகடு இருக்கிறது. ஸ்லைடை விரலால் மேலே தூக்கிப் பிடித்து, டயாஃப்ரத்துக்குக் காற்றுப் போகும் துளையை மற்ற விரலால் அடைத்துவிட்டு, ஸ்லைடை விடுங்கள். மெதுவாக இறங்கினால் நல்லது. டப்பென்று விழுந்தால் எங்கோ துளை இருக்கிறது. காபரேட்டர் கிளீனரை இந்த டயாஃப்ரத்தில் மட்டும் படவிடாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும்.

இரண்டு, நான்கு காபரேட்டர் உள்ள பைக்கில் கடைசியாக ஒரு வேலை மீதமிருக்கும்: எல்லாவற்றையும் ஒரே அளவில் திறக்க வைப்பது, அதாவது சிங்க் செய்வது. வெக்கியூம் கேஜ் இருந்தால் நல்லது. ஜெட் மாற்றிப் பைக் மெருகாகிவிட்டது என்று சொல்பவர்களில் பலர் அனுபவித்தது உண்மையில் ஜெட்டோடு சேர்த்துச் செய்த சிங்கின் பலனை.

வீட்டிலேயே ஜெட் மாற்றுவது

சைலன்சரை மாற்றியவருக்கு, அல்லது 1990களின் இறுதியில் புகைக் கட்டுப்பாட்டுக்காகக் கொஞ்சம் லீனாக வெளிவந்த மொடல் வைத்திருப்பவருக்கு இந்த வழி பொருந்தும். செலவு குறைவு, பைக் கையை விட்டுப் போவதில்லை, தவறினால் பழையதைத் திரும்பப் போட்டுவிடலாம். என்னைக் கேட்டால் இதன் பெரிய பயன் வேறு: உங்கள் பைக் எந்த இடத்தில் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியவரும். எந்தக் கராஜிலும் அதை விலைக்கு வாங்க முடியாது.

ஜெட்டைத் தொடும் முன் ஆக்சிலேட்டர் கைப்பிடியில் ஒரு டேப் துண்டை ஒட்டி மூடியது, கால், அரை, முக்கால், முழுசு என்று கோடு போடுங்கள். எந்தக் கோட்டில் குறை வருகிறது என்று பாருங்கள். எஞ்ஜின் சூடாகச் சூடாகக் குறை அதிகமானால் பெரும்பாலும் ரிச். சூடான பிறகு நன்றாகினால் லீன். ஓடும்போது சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் நன்றாக இழுக்கிறதா? அப்படியென்றால் லீன். ஆக்சிலேட்டரை விட்டவுடன் சைலன்சரில் படபடவென்று வெடித்தால் பைலட் பக்கம் லீனாக இருக்கலாம், ஆனால் சைலன்சர் ஜொயின்ட்டில் கசிவு இருந்தாலும் அதே சத்தம்தான் வரும். ஆகவே முதலில் ஜொயின்ட்டைப் பாருங்கள்.

சைலன்சரின் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றிய பைக்குக்கு மெயின் ஜெட் மாற்றவே தேவைப்படாமல் போவது வழக்கம். நீடிலின் கீழே அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள சின்ன வாஷர் ஒன்றைப் போட்டு நீடிலை உயர்த்துவது, பைலட் ஸ்க்ரூவை அரைச் சுற்று சரிசெய்வது, அவ்வளவுதான். இதற்கு ஆகும் காசு ஒரு பிளேன்டீக் காசுதான். ஆனால் நகரத்தில் நாள் முழுவதும் பயன்படும் பகுதி இதுதான் என்பதால் வித்தியாசம் கையில் தெரியும்.

பைலட் ஸ்க்ரூவில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது ஸ்லைடுக்கும் எஞ்ஜினுக்கும் இடையில் இருந்தால் பெற்றோல் கலவையைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருப்பினால் ரிச்சாகும். எயார் ஃபில்டர் பக்கத்தில் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருப்பினால் லீனாகும். எந்தப் பக்கம் என்று பார்க்காமல் திருப்பிவிட்டுக் குழம்புகிறவர்கள் அதிகம். தொடங்கும் முன் மெதுவாக உள்ளே திருப்பி, அடியில் தொடும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். அடியில் தொட்ட பிறகு இறுக்கவே கூடாது.

ஜெட் வாங்கப் போகிறீர்கள் என்றால் பஞ்சிகாவத்தைக்குப் பழைய ஜெட்டைக் கையில் கொண்டு போங்கள். நல்ல கடைக்காரர் முதலில் கேட்பதே அதைத்தான்: "தம்பி, பழசக் கொண்டு வந்தீங்களா?" ஏனென்றால் பைக்கின் பெயரைச் சொன்னால் போதாது. கெய்ஹின் என்ற ஒரே காபரேட்டர் கம்பனியிலேயே திருகுப் புரியும் தலையும் வேறுவேறான வகைகள் உண்டு. மிக்கூனி என்ற இன்னொரு கம்பனியில் சில வகை ஜெட்டுகளின் இலக்கம் துளையின் விட்டத்தைச் சொல்வதில்லை, எவ்வளவு பாய்கிறது என்பதைச் சொல்கிறது. அதனால் ஒரு கம்பனியின் 110ஐ இன்னொரு கம்பனியின் 110ஓடு ஒப்பிடக் கூடாது. போலி ஜெட்டுகளில் இலக்கம் அழகாக இருக்கும், துளைதான் அதற்குப் பொருந்தாது. நான்கு காபரேட்டருக்கு நான்கு விதத் துளை என்றால் அந்தப் பைக் எந்த சிங்கிலும் சீராக நிற்காது. விலை கூடினாலும் ஒறிஜினலையே வாங்குங்கள்.

எவ்வளவு ஏற்றுவது? இலக்கம் கொஞ்சம் கூடினாலே துளையின் பரப்பு அதை விட வேகமாகக் கூடும். 100இலிருந்து 105க்குப் போனால் பரப்பு 10 சதவீதம் கூடுகிறது. 35 பைலட்டை 38 ஆக்கினால் 18 சதவீதம். "மூணு நம்பர்தானே" என்று பைலட்டை மாற்றியவரின் பைக் காலையில் சிக்னலில் புகை கக்குவது இதனால்தான். ஒரு நேரத்தில் ஒரு ஜெட், அதிலும் ஒரு படி. எதையெல்லாம் மாற்றினோம் என்று ஒரு கொப்பியில் எழுத வேண்டும்.

கருவி விஷயத்தில் ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். ஜப்பான் காபரேட்டர்களின் ஸ்க்ரூத் தலை சாதாரண பிலிப்ஸ் போலத் தெரிந்தாலும் அது ஜேஐஎஸ் என்ற வேறு அளவு. பிலிப்ஸ் ட்ரைவரைப் போட்டால் உச்சியில் ஏறி நழுவி, தலையைச் சாப்பிட்டுவிடும். பிறகு கிண்ணத்தைத் திறக்கவே ட்ரில் பிடிக்க வேண்டி வரும். ஒரு ஜேஐஎஸ் ட்ரைவர் வாங்குவது முதல் செலவாக இருக்கட்டும்.

வேலை செய்யும் இடமும் முக்கியம். கொழும்பில் எத்தனையோ பேர் ஃபிளாட்டில் இருக்கிறோம். கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்தில் காபரேட்டர் கிண்ணத்தைத் திறப்பது ஆபத்து. பெற்றோல் ஆவி காற்றை விடக் கனமானது, தரையில் தங்கி நிற்கும். பெல்கனியில் காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் செய்வதும் அப்படியே. திறந்த முற்றம் உள்ள உறவினர் வீட்டுக்குக் கொண்டு போங்கள்.

இந்த வழியின் உண்மையான எல்லை மெயின் ஜெட்டில் வருகிறது. அதைச் சோதிக்க ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து ஓட வேண்டும். பல்சர் 150, சிடி 125 போன்ற பைக்கில் நகரத்துக்கு வெளியே மூன்றாம் கியரில் அதைப் பார்த்துவிடலாம். நான்கு சிலிண்டர் 250இல் முடியாது. இரண்டாம், மூன்றாம் கியரிலேயே சட்டத்தையும் மற்றவர்களின் உயிரையும் தாண்டிய வேகத்துக்குப் போய்விடும். ஸ்பார்க் பிளக் நிறத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்பார்கள். ஈயம் கலந்த பெற்றோல் இங்கே 2002இல் நின்றது. இப்போதைய பெற்றோலில் பிளக் நிறம் அந்தக் காலம் போலத் தெளிவாகப் பேசுவதில்லை. மெயின் ஜெட் லீனாக இருந்தால் பிஸ்டனே உருகிப் போகலாம் என்பதால் இதைக் கண்மதிப்பில் விடக் கூடாது.

கிட்டும் ட்ரில் பிட்டும்

டைனோஜெட் போன்ற ஜெட் கிட்டுகளில் மெயின் ஜெட்டுகள், வேறு சாய்வுள்ள நீடில், சிலவற்றில் ஸ்பிரிங்கும் வரும். யாரோ ஏற்கெனவே டைனோ என்ற வலு அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்த சேர்க்கை என்பது இதன் பலம். ஆனால் அவை பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்ற பெரிய பைக்குகளுக்கானவை. ஜப்பானுக்குள் மட்டும் விற்ற நம் 250களுக்குப் பொருந்துவது கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். 600, 750 வைத்திருப்பவர் யோசிக்கலாம். மற்றவர்கள் அந்தக் காசில் முழு செட் ரப்பரும் கேஸ்கட்டும் வாங்கிவிடலாம்.

பழைய ஜெட்டை ட்ரில் செய்வதைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. துளையின் உள்சுவர் கரடுமுரடானால் இலக்கத்துக்கும் ஓட்டத்துக்கும் தொடர்பு போய்விடும். திரும்பி வர முடியாத வழி அது.

கராஜில் கொடுப்பது

கராஜ் என்று சொன்னாலே இரண்டு வகை. பழக்கமான மெக்கானிக் பாஸ் ஒருவர் காதால் கேட்டு, ஸ்க்ரூவைத் திருப்பி, "சரி தம்பி, இப்ப பாருங்க" என்பார். ஐடிலை, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்ஜின் ஓடுவதை, சீராக்க அந்தக் காது போதும். அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் முழு ஆக்சிலேட்டரில் கலவை என்ன என்பது காதுக்குத் தெரியாது. அதற்கு எரிந்த புகையை அளக்கும் வைட்பேண்ட் சென்சரோ டைனோவோ வேண்டும். பைக்கைக் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "எதால அளப்பீங்க பாஸ்?" சென்சர் இருக்கிறது என்றால் முழு சைலன்சர் மாற்றியவரும் எயார் பொக்ஸில் கை வைத்தவரும் யோசிக்காமல் அங்கே கொடுக்கலாம். இல்லை என்றால் அதே வேலையை வீட்டில் நீங்கள் இன்னும் பொறுமையாகச் செய்வீர்கள்.

எயார் பொக்ஸைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு காபரேட்டருக்கும் தனி ஃபில்டர் போட்டவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு: எயார் பொக்ஸைத் தேடிப் பிடித்துத் திரும்பப் போடுங்கள். சிவி காபரேட்டரின் ஸ்லைடு அந்தப் பெட்டிக்குள் இருக்கும் அமைதியான காற்றை நம்பித்தான் ஏறி இறங்குகிறது. திறந்த ஃபில்டரில் அரை ஆக்சிலேட்டரில் வரும் அந்தக் குழியை எந்த ஜெட் போட்டும் முழுதாக நிரப்ப முடியாமல் அலைபவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். நம்மூர் மழையில் அந்த ஃபில்டர் நனைந்தால் நிலைமை இன்னும் மோசம்.

எந்த வழியில் போனாலும் இரண்டு விஷயங்கள் குறுக்கே வரும். வாகன லைசன்ஸ் புதுப்பிக்க வருடா வருடம் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். அங்கே ஐடிலில் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் அளக்கப்படும். ஆகவே உங்களைத் தோல்வியடைய வைக்கக்கூடியது பைலட் பக்கம்தான், மெயின் ஜெட்டில்லை. பரிசோதனைக்கு முன் பைலட் ஸ்க்ரூவின் சுற்றுக் கணக்கைக் கொப்பியில் பார்த்துக் கம்பனி அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

மற்றது மலைநாடு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பை விட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. கொழும்பில் சரியாக இருக்கும் கலவை அங்கே தெளிவாகவே ரிச்சாகும், கொழும்பிலேயே ரிச்சாக வைத்த பைக் ரம்பொடை ஏற்றத்தில் மூச்சு வாங்கும். விடுமுறைக்கு மேலே போகிறவர் பெரிய ஜெட்டின் பக்கம் போகாமல் கம்பனி அளவில் நிற்பதே நல்லது. கழற்றிய ஒறிஜினல் ஜெட்டுகளை எந்தக் காபரேட்டரிலிருந்து எடுத்தது என்று எழுதி ஒரு சின்னப் போத்தலில் போட்டு வையுங்கள். பைக்கை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.